ஒரு கணினி, முப்பது மாணவியர்
திறந்த மூல மெய்நிகர் டெஸ்க்டொப்பும் அதனோடு வரும் அமானிதமும்

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக் கொண்டது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக் கொள்வதில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய முறைவழியாக்கி வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. இதனால் திரை நல்லது, விசைப்பலகை நல்லது, உள்ளே இருக்கும் பாகங்களும் நல்லது என்ற நிலையில் உள்ள கணினிகள் கூட "பழையது" என்ற பெயரோடு ஒரு மூலைக்குப் போகின்றன. மறுபக்கம், ஒரு கணினிக்கு முன்னால் இரண்டு மூன்று மாணவியர் நெருக்கியடித்து அமர்ந்து செயன்முறைப் பாடம் செய்கிறார்கள்.

இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. நல்ல கணினி ஒன்றே ஒன்று இருந்து, மற்றவை எல்லாம் பழையனவாக இருந்தாலும், முப்பது பேருக்கும் முப்பது டெஸ்க்டொப்களைக் கொடுக்க முடியும். அதற்கான மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, அவற்றை எப்படி அமைப்பது, அமைத்த பின் எப்படி நிர்வகிப்பது என்பதை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவி என்ற வகையில் நான் விளங்கிக் கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

பழைய யோசனை, புதிய பெயர்

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1961 இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் சி.ரி.எஸ்.எஸ். என்ற நேரப் பகிர்வு முறைமை செய்து காட்டப்பட்டது. அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் விலையுயர்ந்த இயந்திரம். ஆளுக்கொன்று வாங்க முடியாது. எனவே முறைவழியாக்கியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கொடுத்தார்கள். துண்டுகள் மிகச் சிறியனவாக இருந்ததால் ஒவ்வொருவரும் கணினி தமக்கு மட்டுமே வேலை செய்வதாக உணர்ந்தார்கள். பணிசெயல் முறைமை அலகில் நாம் படிக்கும் நேரப் பகிர்வு இதுதான்.

1972 இல் ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்ற முறைமையை வெளியிட்டது. அது நேரத்தை மட்டுமன்றி இயந்திரத்தையே பங்கிட்டது. ஒரே வன்பொருளின் மேல் பல மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கின. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணினி போலவே நடந்து கொண்டது. பின்னர் தனியாள் கணினிகள் மலிவாக வந்ததும் இந்த யோசனையின் தேவை குறைந்தது. 2005 அளவில் சாதாரணக் கணினிகளின் முறைவழியாக்கிகளுக்குள்ளேயே மெய்நிகராக்க வசதி வந்து சேர்ந்தது. 2007 இல் லினக்ஸின் கேர்னலோடு கே.வி.எம். என்ற பகுதி இணைக்கப்பட்டது. அன்று முதல் லினக்ஸ் இயங்கும் எந்த நல்ல கணினியும் பல மெய்நிகர் கணினிகளைத் தாங்கக் கூடியதாயிற்று.

இப்படி மெய்நிகர் கணினிகளைச் சேவையகத்தில் வைத்துக் கொண்டு, அவற்றின் டெஸ்க்டொப்பை வலையமைப்பு வழியாகப் பயனரின் மேசைக்கு அனுப்பும் ஏற்பாட்டைத்தான் மெய்நிகர் டெஸ்க்டொப் உட்கட்டமைப்பு என்கிறார்கள். சுருக்கமாக வி.டி.ஐ.

இரண்டு வழிகள்

திறந்த மூல மென்பொருளைக் கொண்டு இந்த நோக்கத்தை அடைய இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, நேரடியான வி.டி.ஐ. சேவையகத்தில் முப்பது மெய்நிகர் கணினிகள் இயங்கும். மாணவியின் மேசையில் உள்ள கணினி வெறும் கண்ணாடி போன்றது. விசை அழுத்தத்தையும் மவுஸின் அசைவையும் சேவையகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டும். வேலை முழுவதும் சேவையகத்தில் நடக்கும். இதற்கு வியன்னாவிலுள்ள நிறுவனமொன்று உருவாக்கிய புரொக்ஸ்மொக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன் அடியில் இருப்பது மேலே சொன்ன கே.வி.எம். தான். படத்தை அனுப்பும் வேலையை ஸ்பைஸ் என்ற நெறிமுறை செய்கிறது.

இரண்டாவது, எல்.ரி.எஸ்.பி. எனப்படும் லினக்ஸ் டேர்மினல் சேர்வர் புரொஜெக்ட். 1999 இல் ஜிம் மெக்குவிலன் என்பவர் இதனை ஆரம்பித்தார். 2019 இல் கிரேக்க நாட்டின் பாடசாலைகளுக்குத் தொழினுட்ப உதவி செய்து வந்த அல்கிஸ் ஜோர்ஜோபுலோஸ் இதனைப் புதிதாக எழுதினார். இதில் மாணவியின் கணினிக்கு வன்தட்டே தேவையில்லை. அது வலையமைப்பு வழியாகத் தொடங்கி, பணிசெயல் முறைமையைச் சேவையகத்திலிருந்து வாசிக்கும். ஆனால் வேலையைத் தன் முறைவழியாக்கியாலும் தன் நினைவகத்தாலும் தானே செய்யும். கண்டிப்பான வரைவிலக்கணத்தின்படி இது வி.டி.ஐ. அல்ல. அதன் நெருங்கிய உறவு எனலாம்.

எதைத் தெரிவு செய்வது? முதலாம் வழிக்குச் சேவையகம் மிகப் பலமானதாக இருக்க வேண்டும். மாணவியரின் கணினிகள் எவ்வளவு நலிந்தனவாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் வழிக்குச் சேவையகம் நடுத்தரமாக இருந்தால் போதும். மாணவியரின் கணினிகள் பழையனவாயினும் ஓரளவு உழைக்கக் கூடியனவாக இருக்க வேண்டும். கையில் இருபது முப்பது பழைய கணினிகளும், வாங்குவதற்குக் கொஞ்சப் பணமும் உள்ள பாடசாலைக்கு இரண்டாம் வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

வன்தட்டு இல்லாத கணினி எப்படி விழிக்கிறது?

கடந்த விடுமுறையில் வாப்பாவின் கடையில் பாவனையின்றிக் கிடந்த ஒரு கணினியின் வன்தட்டைக் கழற்றி விட்டு, நானாவின் மடிக்கணினியைச் சேவையகமாக வைத்து இதைச் செய்து பார்த்தேன். அப்போது திரையில் ஒவ்வொன்றாக வந்து போன வரிகள், நாம் வலையமைப்பு அலகில் படிக்கும் பாடத்தின் வரிசையிலேயே இருந்தன. அந்த வரிசை இது.

1. ஆளியை அழுத்தியதும் கணினி வன்தட்டைத் தேடாமல் வலையமைப்பு அட்டையிடம் போகிறது. இதற்கு பயோஸ் அமைப்பில் "வலையமைப்பு வழியாகத் தொடங்கு" என்று முன்கூட்டியே தெரிவு செய்திருக்க வேண்டும்.

2. வலையமைப்பு அட்டை "எனக்கொரு முகவரி தாருங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. டி.எச்.சி.பி. சேவை ஐ.பி. முகவரியைக் கொடுக்கிறது. எந்தச் சேவையகத்திடம் போக வேண்டும், எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்ற தகவலும் அதற்குக் கிடைக்கிறது.

3. ரி.எப்.ரி.பி. என்ற மிக எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை மூலம் ஆரம்பக் கோப்புகளும் லினக்ஸின் கேர்னலும் வந்து சேர்கின்றன.

4. கேர்னல் விழித்ததும், சேவையகத்திலுள்ள ஒரு பெரிய படிமக் கோப்பை என்.எப்.எஸ். நெறிமுறை மூலம் தன் வன்தட்டுப் போல இணைத்துக் கொள்கிறது. பணிசெயல் முறைமை, செயலிகள், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் சுருக்கப்பட்டு இருக்கின்றன. முப்பது கணினிகளும் வாசிப்பது அந்த ஒரே கோப்பைத்தான்.

5. மாணவி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறாள். அது எஸ்.எஸ்.எச். என்ற மறைகுறியாக்கப்பட்ட பாதையால் சேவையகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது. சரியாயின் அவளுடைய கோப்புறை மட்டும் அவள் முன் திறக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். முப்பது பேரும் ஒரே படிமத்தைப் பாவித்தால், ஒருத்தி ஏதாவது ஒன்றை அழித்து விட்டால் மற்றவர்களின் கதி என்ன? படிமம் வாசிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். ஒரு கணினியில் செய்யப்படும் மாற்றங்கள் அந்தக் கணினியின் நினைவகத்தில் ஒரு மெல்லிய படையாக மேலே படிகின்றன. ஆளியை அணைத்ததும் அந்தப் படை போய்விடும். மறுநாள் காலையில் கணினி புதிது போலவே விழிக்கும். மாணவியின் சொந்தக் கோப்புகள் மட்டும் சேவையகத்தில் அவளது கோப்புறையில் பத்திரமாக இருக்கும். யாரோ ஒருவர் செருகிய பென் டிரைவினால் கணினிக்கூடமே வைரஸ் பிடித்துக் கிடக்கும் நிலை இங்கே பெருமளவு குறைகிறது.

அமைக்கும் படிமுறை

சேவையகத்தில் முதலில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை வழமை போல நிறுவ வேண்டும். பாடத்துக்குத் தேவையான பைதன், மரியாடிபி, பி.எச்.பி., லிப்ரே ஒபிஸ், தமிழ் உள்ளீட்டு வசதி ஆகியவற்றையும் அதிலேயே நிறுவி, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். சேவையகத்தில் எது இருக்கிறதோ அதுவே முப்பது கணினிகளிலும் இருக்கப் போகிறது.

அடுத்து எல்.ரி.எஸ்.பி. பொதியையும் அதற்குத் துணையான டி.என்.எஸ்.மாஸ்க், என்.எப்.எஸ்., எஸ்.எஸ்.எச். சேவைகளையும் நிறுவ வேண்டும். பின்னர் "எல்.ரி.எஸ்.பி." என்ற கட்டளையை ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லைச் சேர்த்து, இயக்க வேண்டும். டி.என்.எஸ்.மாஸ்க் என்பது முகவரி வழங்கும் சேவையை ஆயத்தப்படுத்தும். இமேஜ் என்பது சேவையகத்தின் பணிசெயல் முறைமையைப் படிமக் கோப்பாக்கும். ஐபிஎக்ஸ்இ என்பது கணினிகள் தொடங்கும்போது காணும் பட்டியலை உருவாக்கும். என்.எப்.எஸ். என்பது படிமத்தை வலையமைப்பில் பகிரும். இனிட்ஆர்டி என்பது பயனர் விபரங்களும் அமைப்புகளும் அடங்கிய சிறு கோப்பைச் செய்யும்.

மூன்று விடயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, புதிய செயலி ஒன்றை நிறுவினால் படிமத்தை மீண்டும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது மாணவியரின் கணினிகளுக்குப் போய்ச் சேராது. இரண்டு, புதிய மாணவிக்குக் கணக்குத் திறந்தால் இனிட்ஆர்டி கட்டளையை மீண்டும் இயக்க வேண்டும். மூன்று, ஏற்கெனவே உள்ள ரூட்டரும் சேவையகமும் போட்டி போட்டு முகவரி கொடுக்கக் கூடாது. டி.என்.எஸ்.மாஸ்க் கட்டளை இதற்கும் வழி வைத்திருக்கிறது. முகவரியை ரூட்டரே கொடுக்கட்டும் என்று விட்டு விட்டு, எந்தக் கோப்பைக் கொண்டு தொடங்குவது என்பதை மட்டும் சேவையகம் சொல்லும்.

புரொக்ஸ்மொக்ஸ் வழியில் போகிறவர்கள் ஒரு மெய்நிகர் கணினியை மட்டும் முழுமையாக அமைக்க வேண்டும். அதனை வார்ப்புருவாக மாற்றி, அதிலிருந்து இணைக்கப்பட்ட பிரதிகளை எடுக்கலாம். ஒவ்வொரு பிரதியும் வார்ப்புருவை வாசித்துக் கொண்டு, தன் வித்தியாசங்களை மட்டும் தனியே எழுதி வைக்கும். வார்ப்புரு பழுதானால் எல்லாப் பிரதிகளும் பழுதாகும் என்பதால் அதற்குக் காப்பு நகல் மிக அவசியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாங்குவதற்கு முன்னால் செலவழிக்க வேண்டியது ஒரு கடதாசியும் பேனையும்தான். கீழே வரும் எண்களை உதாரணங்களாகக் கொள்க.

நினைவகம்: வி.டி.ஐ. முறையில் ஒரு மெய்நிகர் கணினிக்கு 2 ஜிகாபைட் வீதம் முப்பது கணினிகளுக்கு 60 ஜிகாபைட். சேவையகத்துக்கு 4 ஜிகாபைட் சேர்த்தால் 64. எல்.ரி.எஸ்.பி. முறையில் மாணவியின் கணினி தன் நினைவகத்தையே பாவிப்பதால் சேவையகத்துக்கு இந்தப் பாரம் இல்லை.

வன்தட்டு: ஒரு மெய்நிகர் கணினிக்கு 25 ஜிகாபைட் என்றால் முப்பதுக்கும் 750 ஜிகாபைட். இணைக்கப்பட்ட பிரதி முறையில், ஒவ்வொன்றின் வித்தியாசமும் 2 ஜிகாபைட் என்று வைத்தால், 25 உடன் 60 ஐச் சேர்த்து 85 ஜிகாபைட் மட்டுமே.

வலையமைப்பு: இதுதான் பலரும் கவனிக்காமல் விடும் இடம். எல்.ரி.எஸ்.பி. முறையில் ஒரு கணினி விழித்து முதல் செயலியைத் திறக்கும் வரை 300 மெகாபைட் வாசிக்கிறது என்று கொள்வோம். முப்பது கணினிகளையும் ஒரே நேரத்தில் போட்டால் 9,000 மெகாபைட். சேவையகம் செக்கனுக்கு 100 மெகாபிட் வேகமுள்ள சுவிட்ச்சில் இணைக்கப்பட்டிருந்தால் செக்கனுக்கு 12.5 மெகாபைட் தான் போகும். 9,000 ஐ 12.5 ஆல் வகுத்தால் 720 செக்கன், அதாவது 12 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையில் பன்னிரண்டு நிமிடம் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பதிலேயே கழியும். அதே இடத்தில் செக்கனுக்கு 1,000 மெகாபிட் வேகமுள்ள சுவிட்ச்சும் கேபிள்களும் இருந்தால் 72 செக்கனில் முடிந்து விடும். ஆகவே பணம் குறைவாக இருந்தால், அதை முதலில் புதிய கணினியில் போடாமல் நல்ல சுவிட்ச்சில் போடுவது புத்திசாலித்தனம். வயர் இல்லாத வை-பை இந்த வேலைக்கு ஆகாது.

சேமிப்பு: 600 மாணவியருக்குத் தலா 500 மெகாபைட் ஒதுக்கினால் 300 ஜிகாபைட். ஆளுக்கு இவ்வளவு என்ற எல்லையைச் சேவையகத்தில் பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் சேர்த்து வைக்கும் வீடியோக்களால் மற்றவர்களின் செயற்றிட்டங்களுக்கு இடமில்லாமல் போகும்.

நிர்வாகம் என்பது நாளாந்த வேலை

அமைப்பதை ஒரு வார இறுதியில் முடித்து விடலாம். நிர்வாகம் அப்படியன்று. வீட்டுக்கு ஒரே கிணறு இருந்தால் அதை எப்படிக் காப்போமோ, அப்படிச் சேவையகத்தைக் காக்க வேண்டும். தனித்தனிக் கணினிகள் முப்பதில் ஒன்று பழுதானால் இருபத்தொன்பது மீதி இருக்கும். சேவையகம் பழுதானால் முப்பதும் நின்று விடும்.

முதலாவது மின்சாரம். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை நாம் யாரும் மறக்கவில்லை. மின்சாரம் திடீரென்று போனால் சேவையகத்தின் கோப்புகள் சிதையலாம். எனவே சேவையகத்துக்கும் சுவிட்ச்சுக்கும் யு.பி.எஸ். வேண்டும். நீண்ட நேரம் ஓட்டுவதற்காக அல்ல, முறைப்படி அணைப்பதற்காக. மாணவியரின் கணினிகளுக்கு அது இல்லாதபடியால், எழுதுவதை அடிக்கடி சேமிக்கும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இரண்டாவது காப்பு நகல். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறிடத்தில் என்பது கணினித் துறையில் வழங்கும் விதி. கல்லூரியில் இரண்டு இருந்தால் மூன்றாவது கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஒரே அலுமாரியில் உள்ள இரண்டு வன்தட்டுகளும் சேர்ந்தே நனையும். எடுத்த நகலைத் தவணைக்கு ஒரு தடவையாவது மீளத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது இற்றைப்படுத்தல். பாதுகாப்புக் குறைகள் திருத்தப்பட்டு வெளிவரும்போது அவற்றைச் சேவையகத்தில் ஏற்ற வேண்டும். ஒரே இடத்தில் ஏற்றினால் போதும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் பிழையான ஒன்றை ஏற்றினால் அதுவும் முப்பது கணினிகளுக்கும் போகும். எனவே பழைய படிமத்தை ஒரு பக்கம் வைத்துக் கொண்டு, புதியதை ஒரு கணினியில் சோதித்த பின்பே எல்லோருக்கும் விட வேண்டும். பரீட்சைக் காலத்தில் எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

நான்காவது கணக்குகள். வருடந்தோறும் புதிய மாணவியர் வருவார்கள், பழையவர்கள் விடைபெறுவார்கள். விலகிப் போனவரின் கணக்கை மூடுவதற்கு முன் அவருடைய கோப்புகளை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

உம்மா கேட்ட கேள்வி

நான் வீட்டில் இதையெல்லாம் உம்மாவுக்கு விளங்கப்படுத்திக் கொண்டிருந்தேன். முகவரி, படிமம், சுவிட்ச் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு விட்டு உம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப மகள், அந்த ஒரு கம்பியூட்டர வச்சிருக்கிற ஆளுக்கு எல்லாப் பிள்ளைகள்ட எழுத்தும் தெரியுமா?"

நான் வாசித்த அமைப்புக் குறிப்புகளில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் இருக்கவில்லை. விடை: ஆம், தெரியலாம்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புறைக்கும் அனுமதி எண் உண்டு. வாசிக்க 4, எழுத 2, உள்ளே செல்ல 1. மூன்றையும் கூட்டினால் 7. ஒரு மாணவியின் கோப்புறைக்கு 700 என்று கொடுத்தால் உரியவளுக்கு எல்லா அனுமதியும் உண்டு, குழுவினருக்கும் மற்றவர்களுக்கும் எதுவும் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக்கு இந்த எண்கள் தடையல்ல. அவரால் எந்தக் கோப்பையும் திறக்க முடியும். கடவுச்சொற்கள் ஒருவழிக் குறியீடாக்கப்பட்டு வைக்கப்படுவதால் அவற்றை அவர் வாசிக்க முடியாது. ஆயினும் புதிய கடவுச்சொல்லை இட்டு உள்ளே செல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு. எல்.ரி.எஸ்.பி. யுடன் பெரும்பாலும் எபொப்டெஸ் என்ற மென்பொருளையும் நிறுவுவார்கள். அது ஆசிரியருக்குத் தன் இடத்திலிருந்தே எல்லா மாணவியரின் திரைகளையும் சிறு படங்களாகக் காட்டும். திரையைப் பூட்டவும், தன் திரையை எல்லோருக்கும் காட்டவும் உதவும். பாடம் நடத்த அது அருமையான வசதி. கிரேக்க மொழியில் அப்பெயரின் பொருள் மேற்பார்வையாளர் என்பதாகும். மேற்பார்வைக்கும் ஒளிந்து பார்ப்பதற்கும் இடையிலான கோட்டை மென்பொருள் வரையாது. மனிதர்தான் வரைய வேண்டும்.

இந்தப் பிரச்சினை பகிர்வுக் கணினியோடு கூடவே பிறந்தது. மேலே சொன்ன சி.ரி.எஸ்.எஸ். முறைமையில் கடவுச்சொல் வைத்திருந்தார்கள். 1962 இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர் தனக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டு எடுத்து மற்றவர்களின் பெயரில் உள்ளே சென்றார். பிற்காலத்தில் அதை அவரே வெளியே சொன்னார். 1960களின் நடுப்பகுதியில் அதே முறைமையில் இன்னொன்று நடந்தது. வரவேற்புச் செய்திக் கோப்பும் கடவுச்சொற் கோப்பும் இடம் மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லோருடைய கடவுச்சொற்களும் தோன்றின. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. நிர்வாகத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியதால் நேர்ந்தது. பலருடைய இரகசியங்கள் ஓரிடத்தில் சேரும்போது, ஒரு சிறு பிசகு எல்லோரையும் தொடும்.

"திறந்த மூலம் தானே, அதனால் பாதுகாப்பானது" என்று சிலர் சொல்லக் கூடும். மூலக் குறிமுறை திறந்திருப்பதால் அதில் கள்ளத்தனம் இருக்கிறதா என்று யாரும் வாசித்துப் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது மென்பொருளைத்தான் திறந்து காட்டும். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இன்னொருவரின் பொருளை நம்மிடம் ஒப்படைத்தால் அதை அமானிதம் என்கிறோம். பணமோ நகையோ மட்டும் அமானிதம் அல்ல. ஒரு மாணவியின் கட்டுரை, கவிதையின் முதற் பிரதி, தோழிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம், குடும்பப் புகைப்படம் எல்லாமே அமானிதம்தான். பெண் பிள்ளைகளின் கல்லூரியில் இது இன்னும் கனமானது. எனவே சேவையகம் ஒன்றை அமைக்கும் எந்தப் பாடசாலையும் முதல் நாளிலேயே பின்வருவனவற்றை எழுதி வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

1. ரூட் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது அதிபருக்கும் மாணவியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டாமவரும் இருந்தால் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றாலும் கூடம் பூட்டப்படாது. ஒருவருக்கு மற்றவர் சாட்சியாகவும் இருப்பார்.

2. நிர்வாகிகள் ரூட் ஆக நேரடியாக நுழையாமல், தம் சொந்தப் பெயரில் நுழைந்து சூடோ கட்டளை மூலம் வேலை செய்ய வேண்டும். அப்போது யார், எப்போது, எந்தக் கட்டளையை இயக்கினார் என்பது பதிவேட்டில் இருக்கும்.

3. மாணவியின் கோப்புறையைத் திறக்க வேண்டிய தேவை வந்தால், அவளுக்கு அறிவித்து, அவள் முன்னிலையில் திறக்க வேண்டும்.

4. திரைகளைப் பார்க்கும் வசதி பாடவேளையில் மட்டும், பாட ஆசிரியரால் மட்டும் பாவிக்கப்பட வேண்டும். எபொப்டெஸ் என்ற பயனர் குழுவில் உள்ளவர்களுக்கே அது திறக்கும். எனவே அந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பது கவனமாக எடுக்க வேண்டிய முடிவு. திரை பார்க்கப்படலாம் என்ற அறிவித்தல் கூடத்தின் சுவரில் இருக்க வேண்டும்.

5. பழுதாகிக் கழிக்கப்படும் வன்தட்டுகளை அப்படியே பழைய இரும்புக்குக் கொடுக்காமல், முழுமையாக அழித்து விட்டே கொடுக்க வேண்டும்.

தோழியருக்கும் பெற்றோருக்கும்

தோழியரே, இது பையன்களுக்கான வேலை, கேபிளும் ஸ்குறூ டிரைவரும் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். உயர்தரத்தில் நாம் மனனம் செய்யும் ஐ.பி. முகவரி, வாடிக்கையாளர்–சேவையக மாதிரி, மெய்நிகர் நினைவகம், கோப்பு அனுமதி எல்லாம் இங்கே கண்முன்னே இயங்குகின்றன. இரண்டு பழைய கணினிகளும் ஒரு கேபிளும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதோடு, நமது கூடத்தின் திறப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்று நாம் கவலைப்படுவதாக இருந்தால், அந்தத் திறப்பை ஏந்தத் தகுதியுள்ளவர்களாக நம்மில் சிலர் வளர வேண்டும்.

பெற்றோரே, பாடசாலைக்குக் கணினி அன்பளிப்புச் செய்ய எண்ணுகின்ற பழைய மாணவியரும் நலன் விரும்பிகளும் பெரும்பாலும் புதிய மடிக்கணினிகளையே நினைக்கிறார்கள். அதுவும் நல்லதே. ஆனால் ஒரு நல்ல சேவையகம், ஒரு வேகமான சுவிட்ச், ஒரு யு.பி.எஸ்., காப்பு நகலுக்கு இரண்டு வன்தட்டுகள் ஆகியவற்றைக் கொடுத்தால், மூலையில் கிடக்கும் கணினிகளில் உழைக்கக் கூடியவை மீண்டும் எழுந்து நிற்கும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கும் தன் பெயரில் ஒரு டெஸ்க்டொப் இருக்கும். அவள் எந்தக் கதிரையில் அமர்ந்தாலும் அவள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

அத்தோடு உங்கள் பிள்ளை படிக்கும் கூடத்தில் "யார் நிர்வாகி? காப்பு நகல் எங்கே இருக்கிறது? பிள்ளைகளின் கோப்புகளை யார் பார்க்கலாம்?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். இவற்றைக் கேட்பதற்குத் தொழினுட்பம் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல நிர்வாகிக்கு இந்தக் கேள்விகள் சுமையாக இருக்காது. மாறாக, அவருடைய பொறுப்பை மற்றவர்களும் மதிக்கிறார்கள் என்ற ஆறுதலையே கொடுக்கும்.

பகிர்ந்து பாவிப்பதால் குறைவது செலவு, கூடுவது பொறுப்பு. இரண்டையும் ஒன்றாக ஏற்கும் பாடசாலைகளில் மூலைக்குப் போன கணினிகள் மீண்டும் பாடம் சொல்லிக் கொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.